எதிர்வார்டுச் சிரிப்பு

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எதிர்வார்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வரும். ஒருத்தி தனியாகச் சிரிக்கிற சிரிப்பு அல்ல. நாலைந்து பெண்கள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, அடக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சிரிக்கிற சிரிப்பு. அது நடைவழியைத் தாண்டி, இரட்டைக் கதவின் இடுக்கில் நுழைந்து, ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டுக்குள் வரும். மருந்து வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் தலைமை நர்ஸின் காது மடல் அப்போது சிவக்கும்.

அவளுக்கு வார்டில் 'இஸ்திரி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். நாள் பூராவும் ஓடி ஓடி வேலை பார்த்தாலும் அவள் சீருடையில் ஒரு சுருக்கம் விழாது. அவள் நாக்கு பட்ட இடம் பொசுங்காமல் தப்பாது. அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் அவள் சில பாடங்களைக் கற்றிருந்தாள். நின்றுகொண்டே சாப்பிடுவது. காலையில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, ஏனென்றால் குடித்தால் போக வேண்டும், போக நேரம் கிடையாது. லீவு என்ற வார்த்தையை வாயில் எடுக்காமலிருப்பது. அழுகை வந்தால் துணி அலமாரிக்குப் பின்னால் போய்விடுவது. இவையெல்லாம் வேலையின் தொல்லைகள் என்று அவள் நினைத்ததில்லை. வேலை என்பதே இதுதான் என்று நினைத்தாள். தனக்குக் கீழே வந்த பெண்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தாள்.

எதிர்வார்டு, பெண்கள் வார்டு. அதன் தலைமை நர்ஸ் வேறு யாருமல்ல, பயிற்சிக் காலத்தில் விடுதியில் இவளோடு ஒரே அறையில் இருந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி, ஒரே வாளி. பரீட்சையில் இஸ்திரி எப்போதும் முதல். மற்றவள் தட்டுத் தடுமாறித் தேறுகிற ரகம். பரீட்சைக்கு முந்தின நாள் இஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எதை மட்டும் படிச்சா போதும், அதை மட்டும் சொல்லுடி" என்று கெஞ்சியவள். அப்படிப்பட்டவள் எதிர்வார்டுக்குத் தலைமையாக வந்த பிறகுதான் இந்தச் சிரிப்பெல்லாம் ஆரம்பமாயிற்று.

இஸ்திரியின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நிதானமான மனிதர். இரவு தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், "சரி, எதிர்வார்டுச் செய்தியை வாசிச்சிடு. அப்புறம் நிம்மதியா சாப்பிடலாம்" என்பார். மகள் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொள்வாள்.

"உங்களுக்குக் கேலியா இருக்கு. அங்க நடக்கற கூத்தைப் பாத்தாத்தான் தெரியும்."

"என்ன கூத்து?"

"சாப்பிடறாளுங்க."

"சாப்பாட்டு நேரத்துல சாப்பிடறது தப்பா?"

"உக்காந்து சாப்பிடறாளுங்க! கதவைச் சாத்திக்கிட்டு, அரை மணி நேரம்! யாரும் கூப்பிடக் கூடாதாம். அடுத்த மாசம் யாருக்கு எந்த டூட்டின்னு இப்பவே சொல்லிடறாளாம். என் வார்டுல நாளைக்கு யார் வருவான்னு எனக்கே தெரியாது."

கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். தன் வேனில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கால் நீட்டி ஒரு மணி நேரம் தூங்குகிற மனிதர் அவர். அதை இந்த நேரத்தில் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இஸ்திரியின் வார்டில் ஒரு சின்ன நர்ஸ் இருந்தாள். எதையும் இடது கையால் செய்வதால் அவளை 'இடக்கை' என்று கூப்பிட்டார்கள். வயசாளிகளின் கையில் நரம்பு தேடி மற்றவர்கள் வியர்த்துக்கொண்டிருக்கும்போது, இவள் வந்து விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள்; முதல் குத்திலேயே ஊசி ஏறிவிடும். இஸ்திரி அவளை ஒருநாளும் பாராட்டியதில்லை. ஆனால் கஷ்டமான கை வந்தால் அவளைத்தான் கூப்பிடுவாள். இஸ்திரியின் அகராதியில் அதுவே பெரிய பாராட்டு.

ஒருநாள் இடக்கை வந்து எதிரில் நின்றாள்.

"சிஸ்டர், எதிர்வார்டுல ஒரு இடம் காலியாகுதாம். கேக்கலாம்னு இருக்கேன்."

இஸ்திரி மருந்துத் தட்டைக் கீழே வைத்தாள். "இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு இல்ல சிஸ்டர். வீட்டுக்குப் போனா அம்மாகிட்டகூடப் பேசப் பிடிக்கல. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறேன். நேத்து பாட்டில்ல மருந்தை ஏத்தும்போது ஒரே லேபிளை மூணு தடவை படிச்சேன், மண்டைல ஏறவே இல்ல. பயமா இருக்கு."

"நாங்கல்லாம் இப்படித்தான் வந்தோம்."

"தெரியும் சிஸ்டர்" என்றாள் இடக்கை. மறுத்துப் பேசியிருந்தால்கூடத் தேவலை. அந்த 'தெரியும்' இஸ்திரியைச் சுட்டது. கட்டின புருஷனை யாரோ கண்ணெதிரே கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போவது போல இருந்தது அவளுக்கு.

அன்று மாலையே அவள் மேட்ரன் அறைக்குப் போனாள். நர்ஸ்களை எந்த வார்டில் போடுவது என்பது மேட்ரன் கையில். "நல்ல பொண்ணுதான் மேடம். ஆனா கை இன்னும் பழகல. கொஞ்ச நாள் என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். இஸ்திரி பொய் சொல்லி மேட்ரன் கேட்டதே இல்லை. அதனால் உடனே நம்பினார். இடக்கையின் பேரை மாற்றல் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். வெளியே வந்த இஸ்திரிக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அப்புறம் ஏனோ குழாயடியில் நின்று ரொம்ப நேரம் கை கழுவினாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அவளுக்குக் குளிர் எடுத்தது. மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே முதுகில் யாரோ திருகாணி வைத்துத் திருகுவது போலிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு பாதி வார்டு வந்தவள், கைப்பிடியை விடாமலேயே சரிந்தாள். வண்டியிலிருந்த பாட்டில்கள் உருண்டன. கட்டிலில் இருந்த நோயாளிகள் எல்லோரும் சேர்ந்து, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்தினார்கள். வழக்கமாக அந்தக் குரலுக்கு ஓடி வருகிறவள் தரையில் கிடந்தாள்.

சிறுநீரகத்தில் கிருமித் தொற்று என்றார் சின்ன டாக்டர் அம்மா. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க சிஸ்டர்?"

இஸ்திரி விரலை மடக்கி எண்ணப் பார்த்தாள். ஒரு விரலிலேயே நின்றுவிட்டது.

"பாத்ரூம் போகணும்னு தோணினா உடனே போவீங்களா?"

"அதுக்கெல்லாம் நேரம் ஏது" என்றாள் இஸ்திரி, பெருமையாகச் சொல்லிப் பழகிய அதே குரலில். டாக்டர் அம்மா முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெருமை பாதியில் நின்றுபோயிற்று.

"எதிர்வார்டுல படுக்கை போடச் சொல்றேன்."

"அங்க வேணாம். வேற எங்கயாவது போடுங்க."

"வேறன்னா பிரசவ வார்டுல ஒரு கட்டில் இருக்கு. போறீங்களா?"

இஸ்திரி கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் நடைவழியைக் கடந்தது. எத்தனையோ வருஷமாக முறைத்துப் பார்த்த அந்தக் கதவு அவளுக்காகத் திறந்தது.

உடம்பில் தண்ணீரே இல்லாததால் நரம்பு அகப்படவில்லை. எதிர்வார்டு நர்ஸ் ஒருத்தி இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டுக் கலங்கிப் போனாள். எதிர்வார்டுத் தலைமை நர்ஸ், இஸ்திரியின் வாயில் எப்போதும் 'எதிர்வார்டுக்காரி', வந்து கையைத் திருப்பிப் பார்த்தாள். "இது நம்மால ஆகாது. ஆம்பளை வார்டுல அந்த இடது கைப் பொண்ணு இருக்காளே, கூட்டிட்டு வா" என்றாள்.

இடக்கை வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இஸ்திரியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரலால் தடவினாள். நிமிர்ந்து பார்க்காமலே, "என் கை இன்னும் பழகலையாம் சிஸ்டர். வலிச்சா சொல்லுங்க" என்றாள்.

வலிக்கவில்லை. ஊசி ஏறியதே தெரியவில்லை. குத்திக் காயப்படுத்தியிருந்தால் இஸ்திரிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இடக்கை பிளாஸ்திரியை நேர்த்தியாக ஒட்டிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு, எழுந்து போய்விட்டாள். இஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கினதும் அவள் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. குற்றம் கண்டுபிடிக்கிற கண். எப்படியும் ஏதோ ஓட்டை இருக்கும், இவளுகள் உள்ளே உட்கார்ந்து கும்மாளம் போடும்போது வெளியே நோயாளி தவிப்பாள், அதைப் பார்த்துவிடலாம் என்று காத்திருந்தாள். மத்தியானம் ஆனது. நர்ஸ்கள் பாதிப் பேர் உள்ளே போனார்கள். மறுபாதிப் பேர் கட்டில்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். போனையும் அழைப்பு மணியையும் எதிர்வார்டுக்காரி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு வார்டு நடுவில் நின்றாள். கால் கழுவ வேண்டியவளுக்குக் கால் கழுவினாள், பெட்பேன் கேட்டவளுக்குப் பெட்பேன் வைத்தாள். உள்ளே போனவர்கள் வந்த பிறகு மற்றவர்கள் போனார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் அதற்கு வெகு முன்னாலேயே முடிந்திருந்தது. இவ்வளவுதானா என்று இஸ்திரிக்கு எரிச்சலாக இருந்தது. மாயம் மந்திரம் ஏதாவது இருந்திருந்தால் மன்னித்திருப்பாள்.

அதற்கு மறுநாள் மூலைக் கட்டிலில் இருந்த தையற்காரப் பெண் இறந்துபோனாள். எதிர்பார்த்த சாவுதான். ஆனால் எதிர்வார்டு நர்ஸ்களிலேயே வயதில் சின்னவள்தான் அப்போது பக்கத்தில் இருந்தாள். அந்தத் தையற்காரி அவளுக்கு, உடம்பு தேறினதும் ஒரு ரவிக்கை தைத்துத் தருவதாகச் சொல்லி அளவெல்லாம் கேட்டு வைத்திருந்தாள். சின்னவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். எதிர்வார்டுக்காரி வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "வா" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. அறைக்குள் அழைத்துப் போனாள். மற்றொருத்தி கேட்காமலே வந்து மூலைக் கட்டிலுக்குத் திரை இழுத்து, ஆகவேண்டியதைச் செய்தாள். இன்னொருத்தி ஒரு டம்ளர் டீயோடு அறைக் கதவைத் தட்டினாள்.

சின்னவள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, "கட்டிலைப் பாக்கறியா, இல்ல இன்னைக்கு மருந்து அறையில இருக்கியா?" என்று கேட்டாள் எதிர்வார்டுக்காரி.

"மருந்து அறை" என்றாள் சின்னவள்.

"சரி, போ."

இஸ்திரி அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அவளுடைய முதல் சாவு ஒரு பஸ் கண்டக்டர். "தங்கச்சி, தங்கச்சி" என்று கூப்பிட்ட மனிதர். அவர் தாடையைக் கட்டி முடித்த கையோடு, "பக்கத்துக் கட்டில் கட்டு நனைஞ்சிருக்கு பாரு, போ" என்றார்கள். போனாள். பிறகு துணி அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதவளைப் பார்த்து அன்றைய தலைமை நர்ஸ், "அழறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டாள். அதே கேள்வியை இஸ்திரி தன் வார்டில் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

இத்தனை நாளும் தனக்கு எதிர்வார்டுக்காரி மேல்தான் பொறாமை என்று நினைத்திருந்தாள். அவள் மேல் இல்லை. அந்தச் சின்னப் பெண் மேல். மூக்குச் சிவந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தான் எங்கே வேலை செய்வது என்று தானே சொல்ல முடிந்த அந்தப் பெண் மேல். பெற்ற மகள் வயதுள்ள ஒருத்தியைப் பார்த்து இப்படி வயிறு எரிவது அவளுக்கு அசிங்கமாக இருந்தது. அசிங்கமாக இருந்ததற்காக எரிச்சல் குறைந்துவிடவுமில்லை.

சாயங்காலம் டூட்டி முடிந்து எதிர்வார்டுக்காரி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"வந்ததுலேர்ந்து கண்ணை உருட்டிட்டே இருக்கியே, என்ன குத்தம் கண்டுபிடிச்ச? சொல்லுடி."

"ஜன்னலோரக் கட்டில் டிரிப் முடிஞ்சு கொஞ்ச நேரம் சும்மா தொங்கிச்சு."

"ஆமா. நான்தான் லேட்டு. அப்புறம்?"

இஸ்திரிக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. "உனக்கு மட்டும் ஆளு கூடக் குடுத்தாங்களா?"

"கூடவா? உன் வார்டைவிட ஒரு ஆள் குறைச்சல். வேணும்னா மேட்ரன்கிட்ட கேளு."

"அப்ப நல்ல பேர் வாங்கத்தான் இந்தப் பாடெல்லாம்."

எதிர்வார்டுக்காரி பலமாகச் சிரித்தாள். "நல்ல பேரா! நான் எப்பேர்ப்பட்ட சோம்பேறின்னு உனக்குத் தெரியாதா? ஒரே வருஷத்துல என் வார்டுலேர்ந்து பாதிப் பேர் வேலையை விட்டுட்டு ஓடிட்டாங்க. ஒவ்வொருத்தி ஓடினதும் புதுசா ஒருத்தி வருவா. பஞ்சு எங்க இருக்கு, கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எனக்கு வாய் வலி கண்டுபோச்சு. இருக்கறவளை இருக்க வெச்சுக்கறதுதான் சுலபம்னு புரிஞ்சுது. சோறு, தூக்கம், கொஞ்சம் மரியாதை. வேற என்ன கேக்கறாங்க பாவம்?"

இஸ்திரி போர்வையின் சுருக்கத்தை நீவினாள். இது தியாகமாக இருந்திருந்தால் தாராளமாக வெறுக்கலாம். வெறும் புத்திசாலித்தனமாக அல்லவா இருக்கிறது! அதுவும் பரீட்சைக்கு எதைப் படிப்பது என்று இவளைக் கேட்டவளுக்கு.

"உன் வார்டுப் பொண்ணுங்க தண்ணி குடிக்கப் பயப்படறாங்கடி" என்றாள் எதிர்வார்டுக்காரி, செருப்பை மாட்டிக்கொண்டே. "நீ கத்துக்குடுத்ததுதான். அவங்களும் இப்படி வந்து படுக்கணுமா?"

"போடி" என்றாள் இஸ்திரி.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பின அன்று அவள் முதலில் போனது மேட்ரன் அறைக்கு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்த இடது கைப் பொண்ணைப் பத்தி நான் சொன்னது பொய் மேடம். அது மாதிரி கை இந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. எதிர்வார்டுக்கு அனுப்பிடுங்க."

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார். "நீயா பொய் சொன்னே? ஏன்?"

"வயித்தெரிச்சல்" என்றாள் இஸ்திரி.

மேட்ரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாற்றல் நோட்டை எடுத்தார்.

இடக்கை போகிற அன்று சொல்லிக்கொள்ள வந்தாள். இஸ்திரி சீருடைக் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே, "அங்க போய் என் மானத்தை வாங்காதே" என்றாள். "சரி சிஸ்டர்" என்று அவள் போய்விட்டாள். மனம் மாறி நின்றுவிடுவாளோ என்று இஸ்திரிக்கு ஒரு நப்பாசை இருந்தது. நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்?

அடுத்தது பெரிய டாக்டர். ஆண்கள் வார்டுக்கு அவர் ரவுண்ட்ஸ் வருவது சரியாகச் சாப்பாட்டு வேளையில். அத்தனை நர்ஸும் டப்பாவை மூடிவிட்டு அவர் பின்னால் நிற்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

"எதிர்வார்டுக்கு முன்னாடியே போறீங்க டாக்டர். எங்களுக்கு மட்டும் சோத்து நேரத்துல வர்றீங்க. நாங்க என்ன மாற்றாந்தாய் பிள்ளைங்களா?"

"ஆபரேஷன் முடிச்சிட்டு வர வேண்டாமா சிஸ்டர்? அதெல்லாம் மாத்த முடியாது."

"சரி டாக்டர்" என்றாள். மறுநாள் அவர் வந்தபோது வார்டில் அவள் ஒருத்திதான் அவருக்காக நின்றாள். மற்ற நர்ஸ்களில் பாதிப் பேர் கட்டில்களோடு கட்டில்களாக வேலையில் இருந்தார்கள். பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள். "இந்த டிரேயைப் பிடிங்க டாக்டர், நான் கட்டைப் பிரிக்கறேன்" என்று அவர் கையில் டிரேயைக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கடுத்த நாள் கட்டு, பஞ்சு, பிளாஸ்திரி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வாரம் முடிவதற்குள் ரவுண்ட்ஸ் காலைக்கு மாறிவிட்டது. "இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவை கேட்டிருந்தா எப்பவோ யோசிச்சிருப்பேன்" என்று வேறு சொன்னார். அதைக் கேட்டதுதான் இஸ்திரிக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கழுவினாள். நாற்காலிகள் போட்டாள், ஒரு குடத்தில் தண்ணீர் வைத்தாள். முதல் நாள் பெண்கள் உள்ளே போகத் தயங்கினார்கள். இது ஏதோ பொறி என்று அவர்களுக்குச் சந்தேகம். "போங்கடி" என்று அதட்டித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. போனுக்கும் மணிக்கும் தானே பொறுப்பாக, அவள் வார்டு நடுவில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து யாரோ 'களுக்' என்றார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

காலில் எடை கட்டிப் படுத்திருந்த லாரி டிரைவர், "உள்ள என்ன சிஸ்டர் விசேஷம்?" என்று கேட்டார்.

"சாப்பிடறாங்க."

"சாப்பிடறதுக்கா இவ்வளவு சிரிப்பு?"

தான் திறந்துவிட்ட கதவுக்குப் பின்னால் தனக்கு ஒருநாளும் கிடைக்காத ஒன்றை அவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். கண் கரித்தது. அவர் தலையணையை எடுத்து ஓங்கித் தட்டி, தலைக்கடியில் திணித்தாள்.

"மெதுவா சிஸ்டர்! அந்தத் தலை என்னோடது!"

எரிச்சல் அன்றோடு போய்விடவில்லை. மாதக் கடைசியில் அடுத்த மாத டூட்டியைச் சொல்லும்போதும், கண் கலங்கி நின்ற ஒருத்தியை முழங்கையைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோய் விட்டபோதும் அது கூடவே வந்தது. வந்தால் வரட்டும் என்று கையிலிருந்த காரியத்தைச் செய்தாள். அந்த வருஷம் அவள் வார்டிலிருந்து வேலையை விட்டுப் போனவள் ஒருத்திதான். அவளும் புருஷனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததால் போனாள்.

அப்புறம் ஒருநாள் கீழ்த்தளத்து ஆபீசைப் புதுப்பித்தார்கள். பழைய நீள சோபா ஒன்றை வெளியே தள்ளினார்கள். மூன்று பேர் உட்காரலாம், ஒருத்தி காலை நீட்டிப் படுக்கலாம், அப்படிப்பட்ட சோபா. இஸ்திரி மூக்கில் வியர்த்த மாதிரி அங்கே போய் நின்றாள். வார்டு ஆட்கள் இருவரை வைத்து லிஃப்டில் ஏற்றி, ஓய்வறையில் கொண்டுவந்து போட்டாள். உறையைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொண்டுவந்து மாட்டினாள்.

சேதி நடைவழியைத் தாண்டிப் போயிற்று. எதிர்வார்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். காலை நீட்டிப் பார்த்தாள்.

"எங்கடி புடிச்ச இதை?"

"ஏன், உன் வார்டுக்கும் வேணுமா?"

"சேச்சே, எங்களுக்கு எதுக்கு? நாற்காலியே போதும்" என்றாள் எதிர்வார்டுக்காரி. சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம். எழுந்திருக்கும்போது உறையைக் கையால் ஒருமுறை தடவினாள். முகத்தில் ஒரு கணம் சின்னதாக ஒரு கூம்பல். இஸ்திரி அதைப் பார்த்துவிட்டாள். அந்தக் கூம்பலை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

மறுநாள் காலையில், ஆபீசில் இன்னும் பழைய சோபா ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று எதிர்வார்டுக்காரி விசாரித்துவிட்டுப் போனதாகக் கீழ்த்தளத்து கிளார்க் சொன்னார். இஸ்திரிக்கு மனசு நிறைந்துபோயிற்று.